ஆறாம் நம்பர் கப்பல் பெரட்டுக்கு வராத நாள்

2025 பெப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டு மணி. பழைய பிள்ளை மடுவம்.

வந்திருந்தவர்கள்:
றோசலின் டீச்சர், பெரட்டுப் புத்தகம்.
றிச்சர்ட், ஒன்றாம் நம்பர் கப்பல்.
சண்முகவடிவு, நான்காம் நம்பர் கப்பல்.
விஜிதரன், எட்டாம் நம்பர் கப்பல். வரலாறு எழுதுவதும் இவரே.
நல்லமுத்து, கப்பல் இல்லை.
நாகலெட்சுமி, யாரும் கூப்பிடவில்லை.

கடைசி இரண்டு வரிகளையும் டீச்சர் அப்படியேதான் எழுதினார். மனசில் குத்தல் ஒன்றும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுவது அவர் பழக்கம்.

கப்பல்கள் உண்மையில் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும் தோட்டம் இது. இங்கே தேயிலை, ஒரு பெக்டரி, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கூட்டுறவுக் கடை, வரிசை வீடுகளாக ஏழு லயம் இருக்கின்றன. எட்டு விண்கப்பல்களையும் நாங்களே கட்டினோம், சி.ஆர். கொப்பிகளில்.

2018இல் நான் பேராதனையில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு வந்து பெக்டரியில் ராத்திரி ஷிப்டில் சேர்ந்தேன். பகலில் தூக்கம் வராது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளை மடுவம்; சும்மா கிடக்கும் பழைய மடுவத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். புதிய பிள்ளை மடுவம் கட்டிய பிறகு இதன் சாவியைத் தோட்ட ஆபீஸ் றோசலின் டீச்சரிடம் கொடுத்திருந்தது. அவர் ஹட்டன்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். ஞாயிறு வகுப்புக்கு அவரை வேனில் கூட்டிவரும் அவருடைய கணவர் றிச்சர்ட்டுக்கு ஹட்டனில் கராஜ். ஒரு ஞாயிறு, வகுப்பு முடியும்வரை பொழுது போகாமல், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் ஒரு கப்பலை வரைந்துகொண்டிருந்தார்.

"எஞ்சின் எங்க?" என்று கேட்டேன்.

எஞ்சினையும் வரைந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

சூரியனைத் தாண்டிப் போக மனிதர்கள் கட்டிய முதல் கப்பல்கள் இவை என்று வைத்துக்கொண்டோம். இந்தக் கப்பல் வகைக்குத் துளிர் வகுப்பு என்று பெயர். தேயிலை மலைகளுக்கு நம்பர் போடுவதைப்போலக் கப்பல்களுக்கும் ஒன்று முதல் எட்டு வரை நம்பர் போட்டோம். எட்டுப் பேர் கேப்டன்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பெரட்டு. காலையில் தோட்டத்தில் ஆள் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அதே பெரட்டுதான். டீச்சர் நம்பரைக் கூப்பிடுவார். கேப்டன் எழுந்து, கப்பல் எங்கே நிற்கிறது, என்ன கண்டது, ஆட்கள் சுகமா என்று சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். எழுதியதை அழிப்பதில்லை.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர் றிச்சர்ட். அவருடைய முதல் வரைபடத்தில் கப்பலை இடப்பக்கம் திருப்பும் கருவி மட்டும் இருந்தது. வலப்பக்கம் திருப்புவதை வரைய மறந்துவிட்டார். கவனிப்பதற்குள் டீச்சர் அதைப் புத்தகத்தில் ஒட்டிவிட்டார். ஆகவே துளிர் வகுப்புக் கப்பல்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்து வர வேண்டும். ஏழு வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

"மொத மொடல்னா அப்படித்தான் இருக்கும்" என்பார் றிச்சர்ட். அவருடைய வேனுக்கு ரிவர்ஸ் விழாது. அதற்கும் இதைத்தான் சொல்வார்.

வரலாறு எழுதும் வேலை எனக்கு. பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதில் அதிகம் இல்லை. இரண்டாம் நம்பர் கப்பல் ஒரு நிலாவில் தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடித்து ஒன்பது மாதம் அங்கேயே நின்றது. பிறகு பார்த்தால் அது கப்பலின் சொந்தத் தொட்டி ஒழுகிய தண்ணீர். நான்காம் நம்பரின் கேப்டன் சண்முகவடிவு கூட்டுறவுக் கடையில் வேலை செய்கிறாள். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அங்கே துணி காயுமா என்றுதான் முதலில் பார்ப்பாள். பதினொரு கிரகங்களில் துணி காயும் மாதங்களின் பட்டியல் அவளிடம் இருக்கிறது. என்னுடைய எட்டாம் நம்பர் எதையுமே கண்டுபிடிக்கவில்லை. போனது, வந்தது.

கேப்டன்களில் ஒருவன் கட்டாருக்குப் போனான், மூன்று பேர் கொழும்புக்கு. போகுமுன் கப்பலை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் போனார்கள். வந்து சேர்ந்த கப்பலின் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி முடியும்: "எல்லாரும் இறங்கினார்கள். கேப்டன் கடைசியாக இறங்கினார். கதவு சாத்திப் பூட்டப்பட்டது." அந்த வரியை எழுதும்போது டீச்சர் பேனாவை மாற்றிப் பச்சை மை எடுப்பார். ஏழு கப்பல்களுக்குப் பச்சை மை விழுந்துவிட்டது.

ஆறாம் நம்பருக்கு விழவில்லை.

ஆறாம் நம்பரின் பெயர் மின்மினி. கேப்டன் நல்லமுத்து அப்போது பெக்டரியில் டிரையருக்குப் பக்கத்தில் என்னோடு வேலை செய்தவர். நாங்கள் எல்லாரும் கப்பலில் போகிறவர்களுக்குப் பெயர்களைக் கற்பனை செய்தோம். அவருக்கு அது வரவில்லை. தான் இருக்கும் மூன்றாம் நம்பர் லயத்து ஆட்களின் பெயர்களை, வீடு வீடாக, முதல் காம்பரா தொடங்கிக் கடைசிக் காம்பரா வரை எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பத்தொரு பேர். முதல் காம்பராவில் இருப்பது நாகலெட்சுமி, அதனால் கப்பலை ஓட்டுகிறவர் நாகலெட்சுமி. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி விண்கப்பல் ஓட்டுகிறாள் என்ற செய்தி மலையெல்லாம் போய்விட்டது. மாதாமாதம் கப்பல்களின் அறிக்கையைச் சண்முகவடிவு கடைச் சுவரில் ஒட்டுவாள். மூன்றாம் லயத்து ஆட்கள் சாமான் வாங்க வருகிற சாக்கில் வந்து தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

2022 மே மாதம் விறகு தூக்கி வரும்போது நல்லமுத்து பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து வலது கால் முறிந்தது. ஜூன் பெரட்டுக்கு வரவில்லை. ஜூலைக்கும் வரவில்லை. ஆகஸ்டுக்கும் வரவில்லை. தொடர்ந்து மூன்று பெரட்டுக்குப் பதில் வராத கப்பல் தொலைந்துபோனதாக எழுதப்படும், அதன் நம்பர் பிறகு கூப்பிடப்படாது. இதுவும் சட்டம். நான் எழுதினேன்:

"துளிர் வகுப்பின் ஆறாம் கப்பலான மின்மினி கடைசியாகச் செய்தி அனுப்பிய இடத்தில் நட்சத்திரங்கள் குறைவு. அதன்பின் மூன்று பெரட்டுகளில் அதன் எண் கூப்பிடப்பட்டது. மூன்று முறையும் பதில் இல்லை. அதில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். தேடிப் போகும் தூரத்தில் வேறு கப்பல் இல்லை. அந்த எண் இனி எதற்கும் கொடுக்கப்படமாட்டாது."

நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான். அது சுவரில் ஒட்டப்பட்ட அன்று மாலை நாகலெட்சுமி என்னைக் கோயில் வளைவில் நிறுத்தினார்.

"தம்பி, என்னைய எங்க வச்சுக் கொன்னீங்க?"

"விண்வெளியிலங்க."

"எப்படிச் செத்தேன்?"

"அது தெரியாதுங்க. பதில் வரல, அவ்வளவுதான்."

"பதில் வரலேன்னா செத்துட்டாங்களா? எம் மவன் கொழும்புலேர்ந்து மூணு மாசமா போன் எடுக்கல. அவனையும் எழுதிட்டியா?"

எனக்கு இது அதோடு முடிந்தது. நல்லமுத்துவுக்கு முடியவில்லை. கால் தேறி அவர் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால், "கேப்டன் வாராரு, தள்ளி நில்லுங்கடி, ஏத்திக்கிட்டுப் போய்த் தொலைச்சிருவாரு" என்பார்கள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்த பொடியன், "செத்தவங்க வீட்டுலேர்ந்து குடுத்து விட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். விளையாட்டுக்குத்தான். ஆனால் விளையாட்டு இரண்டரை வருடம் ஓடியது. அவர் காலையில் பீலிக்குப் போவதை நிறுத்தி, உச்சி வெயிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகத் தொடங்கினார். டிரையர் வேலையும் போய் இப்போது பெக்டரி கேட்டில் வாச்சர். பெரட்டுப் பக்கம் தலை காட்டியதே இல்லை.

பெப்ரவரி 2 அன்றைக்கு வந்தார். முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். காரணம் இருந்தது. துளிர் வகுப்பை முடித்துவிட்டோம். இரண்டு பக்கமும் திரும்பும் கப்பல் ஒன்றை வரைய றிச்சர்ட்டுக்கு ஆசை வந்துவிட்டது. பழைய வகுப்பின் வரலாற்றை ஐம்பது பிரதி எடுத்து மறுநாள் பள்ளிக்கூடத்தின் புத்தகக் கண்காட்சியில் வைக்க வேண்டும். ஹட்டனில் போட்டோகொப்பிக் கடை ஆறு மணிக்கு மூடும். நாலு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும்.

"டீச்சர்" என்றார் நல்லமுத்து. "அச்சடிச்சிட்டா பொறவு மாத்த ஏலாது தானே?"

"ஏலாது."

"அதான் வந்தேன்."

பின்னாலேயே வந்து கதவோரம் நின்றிருந்த நாகலெட்சுமி மிச்சத்தைச் சொன்னார்.

"இங்க பாருங்க டீச்சரம்மா. நாங்க முப்பத்தொரு பேரு. எங்க பேரை எல்லாம் போட்டுச் செத்துட்டாங்கன்னு பொஸ்தகம் போடப் போறீங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க படிக்கும். எம் பேத்தி படிக்கும். ஒரு கோட்டை இழுத்து விட்டா முடிஞ்சிரும். பேனா இல்லையா?"

"பேனா இருக்கு. இந்தப் புத்தகத்துல கோடு இழுக்கிறதில்ல."

"ஏன், கிழிஞ்சிருமா?"

"இன்னைக்கு உங்களுக்காக இழுத்தா, நாளைக்கு ரெண்டாம் நம்பர் கேப்டன் கட்டார்லேர்ந்து கதைப்பான். எங்க தொட்டி ஒழுகினதையும் அழிங்க டீச்சர்னு கேப்பான். அப்புறம் எது நடந்துச்சு, எது நடக்கலன்னு யாருக்குத் தெரியும்?"

"எதுவுமே நடக்கல டீச்சர்" என்றாள் சண்முகவடிவு.

"அதனாலதான் சொல்றேன்" என்றார் டீச்சர். "நடக்காததை எழுதும்போதுதான் கவனமா எழுதணும்."

நல்லமுத்து கையை ஆட்டினார். "விடுங்க நாகு. மூணு பெரட்டு வரல. வரலேன்னா வரலதான். நான் ஒன்னும் சின்னப் புள்ள இல்ல." சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. ஜன்னல் கட்டையில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே பீலி தெரியும். அங்கே ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள். ஒருவரும் தண்ணீர் பிடிக்கவில்லை, இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி அவர்களை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

கடைசி வேலையாக வரலாற்றில் உள்ள தேதிகளைப் பெரட்டுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். டீச்சர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். ஒன்றிலிருந்து ஐந்து வரை பார்த்தேன், சரி. ஆறுக்கு வந்தேன். 2022 ஜூன் 5, ஆறாம் நம்பர் பதில் இல்லை. ஜூலை 3, பதில் இல்லை. ஆகஸ்ட் 7இன் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தப் பக்கம் மேலே, வழக்கம்போல்:

"ஹட்டன், வீட்டில். வந்திருந்தவர்கள்: றோசலின், றிச்சர்ட், ஜெரோமி."

அவ்வளவுதான். மூன்று பேர். ஜெரோமி மூன்றாம் நம்பர் கேப்டன், றிச்சர்ட்டின் கராஜில் அப்போது வேலை செய்தவன். நாடு முழுக்க டீசல் கிடைக்காமல், வேனுக்கு எண்ணெய் இல்லாத காலம் அது. அதனால் டீச்சர் ஹட்டனில் வீட்டிலேயே உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். நான்காம் நம்பர் பதில் இல்லை. ஐந்தாம் நம்பர் பதில் இல்லை. ஆறாம் நம்பர் பதில் இல்லை. எட்டாம் நம்பர், அதாவது நான், பதில் இல்லை. தோட்டத்தில் இருந்த ஒருவர்கூடப் போன் எடுக்கவில்லை.

நான் ஏன் எடுக்கவில்லை என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அன்றைக்கு என் தோளில் தேர்க் கயிறு இருந்தது.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவை இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். சித்திரையில் நடக்க வேண்டியது ஆடியில் நடந்தது. அதனால்தான் யாருக்கும் பொறி தட்டவில்லை. ஆகஸ்ட் என்றால் திருவிழா என்று யாருக்குத் தோன்றும்?

புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் சட்டங்கள் இருக்கின்றன. மூன்றாவது எனக்கு மனப்பாடம்.

விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். அந்தப் பத்தி போய்விட்டால் என் வரலாற்றில் என்ன மிஞ்சும் என்று பார்த்தேன். ஒழுகிய தொட்டியும் காயாத துணியும் மிஞ்சும். ஒரு கப்பல்கூடத் தொலையாத வரலாறு பஸ் நேர அட்டவணை மாதிரி. ஐம்பது பேர் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள், ஒருவராவது கொஞ்சம் நிறுத்திப் படிப்பார் என்று நினைத்து வைத்திருந்தேன். நல்லமுத்து ஜன்னலில் சாய்ந்தபடி முறிந்த காலை மாற்றி நல்ல காலில் நின்றார். உச்சி வெயிலில் குடம் தூக்கி வருகிற நடை ஞாபகம் வந்தது.

"டீச்சர், இந்தப் பெரட்டு செல்லாது" என்றேன்.

"எந்தப் பெரட்டு?"

"ஆகஸ்ட் ஏழு. அன்னைக்குத் தேரு."

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆகஸ்ட்லயா தேரு?"

"ஐயோ, ஆமா" என்றாள் சண்முகவடிவு. "ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லாமப் பந்தம் கொளுத்தித் தேரு இழுத்தோமே, அந்த வருசம். போன் அடிச்சாக் கேக்குமா? தப்பு அடிச்ச அடியில பக்கத்துல நின்னவங்க பேசினதே கேக்கல."

"நான் வாசல்ல கதிரை போட்டுக் காலை நீட்டிக்கிட்டுப் பாத்தேன்" என்றார் நல்லமுத்து மெதுவாக. "போன் உள்ள கெடந்துச்சு."

டீச்சர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். முதல் பக்கத்தைத் திருப்பி, எங்களுக்குக் கேட்கும்படி வாசித்தார்: "மூன்று. தோட்டத்தில் திருவிழா என்றாலோ சாவு என்றாலோ அன்று பெரட்டு கிடையாது. வராதவர் மேல் குற்றமில்லை."

தோட்டத்தில் பிறந்த எவனும் இந்தப் பிழையைச் செய்யமாட்டான். தேர் நாளில் பெரட்டு எடுப்பது, அடுப்பில்லாத வீட்டில் சோறு கேட்பது மாதிரி. டீச்சர் ஹட்டன்காரர், ஞாயிறென்றால் தேவாலயத்தில் பூசைக்குப் போய்விட்டு வந்து சட்டப்படி புத்தகத்தைத் திறந்திருக்கிறார். றிச்சர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையை உயர்த்தினார்.

"பிழை என்னுடையது" என்றார். "ரெண்டுதான் தவறியிருக்கு. மூணு இல்ல."

"சரி, அதுக்குப் பொறவு ரெண்டரை வருசம் வரலையே" என்றேன். வரலாறு எழுதுகிறவன் அதையும் கேட்க வேண்டும்.

"அதுக்குப் பொறவு நான் அந்த நம்பரைக் கூப்பிடல. கூப்பிடாதவங்களுக்கு எப்படி ஆப்சன்ட் போடுறது?"

அழிக்கவில்லை. ஆகஸ்ட் 7இன் கீழே, "இந்நாள் பெரட்டு நாள் அல்ல. றோ." என்று எழுதினார். பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆறாம் நம்பர்."

நல்லமுத்து ஜன்னலை விட்டு நேராக நின்றார். கை இரண்டையும் காற்சட்டையோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"கப்பல் எங்க நிக்குது?"

"தெரியலீங்க டீச்சர்."

"தெரியலையாம்" என்றார் நாகலெட்சுமி. "கேப்டனாம். நான் சொல்றேன், எழுதுங்க. றிச்சர்ட் சார், நாங்க கடைசியா நின்ன எடத்துலேர்ந்து வீட்டுக்கு வாறதுன்னா எந்தப் பக்கம்?"

றிச்சர்ட் கப்பல்களின் பாதை வரைந்த படத்தை விரித்துப் பார்த்தார். "வலப்பக்கம்."

"நீங்க கட்டின கப்பலு எந்தப் பக்கம் திரும்பும்?"

றிச்சர்ட் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார். கேக்குறேன்ல."

"இடப்பக்கம்."

"பொறவு என்னா கேள்வி? சுத்திக்கிட்டு வாறோம். ரெண்டரை வருசமா இடப்பக்கமாவே சுத்திக்கிட்டு வாறோம். எனக்குத் தலை கிறுகிறுன்னு வருது. ஒரு பக்கம் திரும்பாத கப்பலு, ஒரு கால் சரியில்லாத கேப்டன். இதுல நான் எங்கேர்ந்து வேகமா ஓட்டுறது?"

சண்முகவடிவு மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். றிச்சர்ட் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அந்தத் தூரத்துக்கு முக்கால் வட்டம், துளிர் வகுப்பின் வேகம், எல்லாம் பெருக்கிப் பிரித்து, "முப்பத்திரண்டு மாசம் வருது. இந்த மாசம்தான் வந்து சேரணும்" என்றார். விடையை முதலில் முடிவுசெய்துவிட்டுக் கணக்குப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

டீச்சர் மட்டும் விடவில்லை. "சுத்தி வந்தது சரி. ஏன் ஒரு செய்தியும் அனுப்பல?"

நாகலெட்சுமி திரும்பி நல்லமுத்துவைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"ஆன்டெனா வலப்பக்கம் இருக்கு டீச்சர்" என்றார் அவர். "இடப்பக்கமா வட்டம் அடிக்கும்போது வலப்பக்கம் எப்பவும் வெளிப்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும். வீட்டுப் பக்கம் திரும்பாது. அனுப்பினோம். மாசாமாசம் அனுப்பினோம். எல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு."

றிச்சர்ட் புத்தகத்தைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த 2018இன் கலண்டர் தாளைப் பார்த்தார். ஆன்டெனா வலப்பக்கம்தான் இருந்தது. ஏழு வருடத்தில் எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. நல்லமுத்து கவனித்திருக்கிறார். எத்தனை பகல் கேட்டில் உட்கார்ந்து இதை யோசித்தாரோ தெரியாது.

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றார் டீச்சர். "ஆட்கள் சுகமா? பேர் வாசிக்கிறேன்."

நாகலெட்சுமி ஜன்னலால் தலையை நீட்டினார். "ஏய், வாங்கடி எல்லாரும். பெரட்டு எடுக்குறாங்க."

குடங்களைப் பீலியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஏழெட்டுப் பேர் என்று நினைத்தேன், வந்து நின்றபோது பதினேழு பேர். பிள்ளை மடுவம் நிறைந்துவிட்டது. டீச்சர் முதல் காம்பரா தொடங்கி வாசித்தார். இருந்தவர்கள் "சுகம்" என்றார்கள். கொழும்புக்குப் போனவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் சுகம் சொன்னார்கள். லயத்துப் பொடியன் அழகன், தான் கப்பலில் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டான். சமையல் என்றதும், "அதான் இளைச்சுப் போயி வந்திருக்கோம்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

"பொன்னையா" என்று வாசித்தார் டீச்சர்.

பொன்னையா போன வருடம் நெஞ்சுவலியில் இறந்துபோனார். டீச்சருக்கும் தெரியும், மரணச் சடங்குக்கும் வந்திருந்தார். ஆனால் பெயர் பட்டியலில் இருக்கிறது, வாசித்துவிட்டார்.

"சுகம்" என்றார் நாகலெட்சுமி. "எஞ்சின் ரூம்ல தூங்குறாரு. எப்பவும் தூக்கம்தான் அந்த மனுசனுக்கு."

பொன்னையாவின் மகள் சிரித்துவிட்டாள். நான் எழுதிக்கொண்டேன். முப்பத்தொரு பேர் சுகம்.

மூன்று நாற்பத்தைந்து. என் பத்தி இருந்த தாளை வரலாற்றுக் கட்டிலிருந்து உருவினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வேறு தாளில் எழுதினேன்: "மின்மினி முப்பத்திரண்டு மாதம் இடப்பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு வந்தது. செய்திகள் வெளிப்பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன, யாராவது கேட்கக்கூடும்." சுமாரான பத்தி. நாகலெட்சுமி வாங்கிப் பார்த்து, தன் பெயர் எங்கே என்று கேட்டார். கப்பலை ஓட்டியவர் நாகலெட்சுமி என்று சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் சுமாரானது.

டீச்சர் பச்சை மைப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுதவில்லை.

"இன்னும் எறங்கல" என்றார்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகு நல்லமுத்து கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். முதல் காம்பரா ஆள் என்பதால் நாகலெட்சுமி முதலில் இறங்கினார், படியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய உயரத்திலிருந்து இறங்குகிறவர் மாதிரி. அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். நல்லமுத்து வாய்க்குள் எண்ணினார். அழகன் திரும்பி வந்து இரண்டாம் தடவை இறங்கப் பார்த்தான். "போடா, ஒனக்கு ஒரு தடவைதான்" என்று பிடித்துத் தள்ளினார். வெளியே யாரோ குடத்தில் தாளம் போட ஆரம்பித்தார்கள். றிச்சர்ட் வேனை ஸ்டார்ட் செய்தார். ரிவர்ஸ் விழாததால் அதையும் இடப்பக்கமாக ஒரு வட்டம் அடித்துத்தான் பாதையில் ஏற்ற வேண்டும். லயத்து ஆட்கள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

சண்முகவடிவு போனாள். நான் வரலாற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். டீச்சர் புத்தகத்தையும் பேனாவையும் சாவியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் நின்றார்.

"நாகு, நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குத் தண்ணி வருது?" என்று உள்ளேயிருந்து நல்லமுத்து கேட்டார்.

"ஆறுக்கு. வரிசையில நிக்கணும். கேப்டன்னு எடம் விட ஏலாது."

அவர் உள்ளே ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். உட்காரும் வாங்குப் பலகைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. ஜன்னலைச் சாத்தினார். பிறகு காலை இழுத்து இழுத்து வந்து படியில் இறங்கினார், கடைசி ஆளாக. டீச்சர் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டினார்.